தஞ்சம் கேட்டவர் தெருவில் படுக்கலாமா? பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டுவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியாவில் புகலிடம் கேட்டவர்களும் விசாச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களும் வீடில்லாமல் போகாதிருக்க, நூற்றுக்கு மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவர்களிடம் உதவி கேட்டுப் போகத் தயங்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். உதவ மனமிருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாத தமிழர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தனிப்பட்ட ஒரு கேஸுக்கு இது சட்ட ஆலோசனை ஆகாது. அதற்குப் பதிவுபெற்ற சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும்.

‘அசைலம் அடித்தவருக்கு’, அதாவது புகலிடம் கேட்டவருக்கு, அரசே வீடும் காசும் கொடுக்கிறதே. பிறகு எப்படித் தெருவுக்கு வருகிறார்கள்?

கொடுக்கிறது, கேஸ் நடக்கும் வரைக்கும். 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி, கையில் ஒன்றுமில்லை என்று காட்டுபவருக்குத் தங்க இடமும் வாரச் செலவுக்குக் காசும் கிடைக்கும். 2024இல் அந்தக் காசு ஒருவருக்கு வாரம் 49.18 பவுண். சாப்பாடு தரும் ஹோட்டலில் வைத்திருந்தால் அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். எந்த ஊரில் வீடு என்பதை அவர் தெரிவுசெய்ய முடியாது. லண்டன் ஈஸ்ட்ஹாமில் மாமா இருந்தாலும் வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவுக்கு அனுப்புவார்கள். (உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு காசை மட்டும் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. நம்மவர் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.)

வேலை செய்ய அனுமதி இல்லை. தன் பிழையில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் முடிவு வராதிருந்தால் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் அரசு வைத்திருக்கும் பட்டியலில் உள்ள சில வேலைகளுக்கு மட்டும்தான். ஆகவே இந்தக் காலத்தில் யாரும் சேமிக்க முடியாது. பிறகு ஒரு நாள் முடிவு வரும். மேன்முறையீடும் தோற்றுவிட்டால், பிள்ளைகள் இல்லாதவருக்கு 21 நாளில் உதவி நிற்கும். வென்றாலும் உதவி நிற்கும்.

எந்த நாளில் ஒருவர் வீதிக்கு வருவார் என்பது அவர் கையிலிருக்கும் கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்றைத் தடுக்கலாம். தொண்டு நிறுவனங்கள் ஒன்றாக இறங்கியதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

கேஸ் வென்று அகதி அந்தஸ்து கிடைத்தவர் ஏன் வீட்டை இழக்க வேண்டும்?

அந்தஸ்து கிடைத்ததும் அவர் ‘புகலிடக் கோரிக்கையாளர்’ இல்லை. எனவே அந்த வீட்டில் இருக்க உரிமையில்லை. வெளியேற நெடுங்காலமாக 28 நாள்தான் கொடுத்து வந்தார்கள். அந்த 28 நாளுக்குள் வங்கிக் கணக்குத் திறந்து, யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசுக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து, முற்பணம் கட்டி, வாடகைக்கு அறை பிடிக்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட்டின் முதல் காசு வருவதற்கே ஐந்து வாரம் ஆகும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளூராட்சிச் சபையான கவுன்சிலுக்குப் போனால்? இங்கிலாந்தில், உடல்நலம் கெட்டவர், பிள்ளைகள் உள்ளவர் அல்லது கர்ப்பிணி என்றால் முன்னுரிமை உண்டு. 25 வயதுத் திடகாத்திரமான இளைஞன் என்றால் ஆலோசனை சொல்வார்கள், ஒரு திட்டம் எழுதித் தருவார்கள், படுக்கை தரவேண்டும் என்ற கடமை பெரும்பாலும் வராது. ஸ்கொட்லாந்து 2012இன் இறுதியில் இந்த முன்னுரிமைப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. அதனால் அங்கே தனி ஆளுக்கும் வீட்டுரிமை உண்டு.

இந்த 28 நாளை நீட்டச் சொல்லித் தொண்டு நிறுவனங்கள் பல வருடம் ஒரே குரலில் கேட்டன. குறைந்தது 56 நாள் வேண்டும் என்றன. வீடிழக்கப்போகும் ஒருவருக்கு உதவக் கவுன்சில்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கால அளவும் 56 நாள் என்பதால், இந்த எண்ணுக்கு நியாயம் இருந்தது. 2024 டிசெம்பரில் அரசு பரீட்சார்த்தமாக 56 நாள் கொடுத்தது. 2025 செப்டெம்பரில் தனி ஆட்கள் பெரும்பாலோருக்குத் திரும்ப 28 ஆக்கிவிட்டது. தெருவுக்கு வருவதில் அதிகம் பேர் தனி ஆட்கள்தான் என்று தெரிந்துகொண்டே செய்த இந்தக் குறைப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

‘நோ ரிகோர்ஸ்’ என்று விசா கார்டில் போட்டிருந்தால் எந்த உதவியும் கிடையாதா?

அப்படியில்லை, கிடைக்கும். இந்தத் தவறான எண்ணத்தால்தான் பலர் கதவைத் தட்டாமலே திரும்பிவிடுகிறார்கள். ‘நோ ரிகோர்ஸ்’, அதாவது ‘பொதுநிதியில் உரிமை இல்லை’ என்பது, சட்டம் பட்டியலிட்ட கொடுப்பனவுகளுக்கும் கவுன்சில் வீட்டு உதவிக்கும் மட்டும் பொருந்தும். ஜி.பி. மருத்துவரிடம் பதிவது, பிள்ளையின் பள்ளிக்கூடம், 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கவுன்சில் குடும்பத்துக்குச் செய்யும் உதவி, கடும் குளிர் நாட்களில் கவுன்சில் திறக்கும் அவசரப் படுக்கை, தொண்டு நிறுவனம் தரும் எதுவும், ஒன்றுமே அந்தப் பட்டியலில் இல்லை.

குடும்ப விசாவில் இருப்பவர் சோற்றுக்கே வழியில்லாமல் போனால், அந்த நிபந்தனையை நீக்கும்படி, குடிவரவைக் கவனிக்கும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிசுக்கே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. லண்டனில் ‘யூனிட்டி ப்ராஜெக்ட்’ என்ற சிறு அமைப்பு 2017 முதல் இந்த விண்ணப்பங்களுக்கென்றே உதவி செய்து வருகிறது.

தெருவில் படுத்திருப்பவர்களில் நம்மவர்களைக் காணவில்லையே?

கண்ணில் படாத வீடின்மை இது. ஈழத்தமிழர் கேஸ் தோற்றால் பெரும்பாலும் பெட்டியோடு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார். இரண்டு மாதம் அங்கே, மூன்று வாரம் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டு ஹாலில், பிறகு கடையின் பின்னறையில். கடைக்குப் பின்னால் படுக்க இடம் கிடைத்தவர் பகல் முழுக்க அந்தக் கடையில் நிற்பார். சம்பளம் என்று ஒன்று கையில் வருமா என்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. அனுமதியில்லாமல் வேலை செய்வது 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே சம்பளம் தராத முதலாளிமேல் அவர் முறையிடவும் பயப்படுகிறார்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். இரவுக்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்காக எதை எதைச் சகிக்க வேண்டியிருந்தது என்று அவர்கள் வெளியில் சொல்வதில்லை. ஆகவே ‘வீட்டில்தானே இருக்கிறார்’ என்று சொல்லிவிட முடியாது. நாளை போகச் சொன்னால் போகவேண்டிய இடத்தில் இருப்பவர் வீடில்லாதவர்தான். தொண்டு நிறுவனங்களும் கவுன்சிலும் அப்படித்தான் கணக்கெடுக்கின்றன. ‘நான் தெருவில் படுக்கவில்லையே’ என்று தயங்கவேண்டாம்.

எதற்கு இத்தனை அமைப்புகள்? ஒரு பெரிய அமைப்பு போதாதா?

கேள்வி நியாயமானது. வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விடை தெரியும்.

கேஸ் தோற்ற ஒருவருக்கு ஒரே நேரத்தில் நான்கு விடயம் வேண்டும்: படுக்க இடம், சாப்பாடும் பஸ் காசும், குடிவரவுச் சட்டத்தரணி, மருத்துவம். இதில் எது இல்லாவிட்டாலும் மற்றவை வீணாகின்றன. படுக்கை மட்டும் கொடுத்தால், மூன்று வருடம் கழித்தும் அவர் அதே படுக்கையில் இருப்பார். அடுத்தவருக்கு இடம் வராது. சட்டத்தரணி மட்டும் கிடைத்தால், வாரத்துக்கொரு வீடு மாறும் ஆளுக்குக் கடிதம் போய்ச் சேராது. வாக்குமூலம் கொடுக்க வரும் நாளில் முதல்நாள் முழுக்கத் தூங்காதவர், சித்திரவதையைப் பற்றி நாள், இடம் பிசகாமல் எப்படிச் சொல்வார்? பிசகினால் ‘நம்பத்தகுந்தவர் அல்ல’ என்று எழுதிவிடுவார்கள்.

நல்ல சட்டத்தரணி அமைப்புக்குத் தங்குமிடம் நடத்தத் தெரியாது. தங்குமிடம் நடத்தும் தேவாலயக் குழுவுக்குக் குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்ட அனுமதியே கிடையாது. பதிவில்லாமல் அந்த ஆலோசனை சொல்வது குற்றம். ஆகவே சேர்ந்தாக வேண்டும்.

2006இல் சில சிறு குழுக்கள் சேர்ந்து ‘நாகொம்’ என்ற வலையமைப்பைத் தொடங்கின. இன்று 140க்கு மேற்பட்ட அமைப்புகள் அதில் இருக்கின்றன. மான்செஸ்டரில் 2004இல் தொடங்கிய ‘போவஸ் ட்ரஸ்ட்’, ஷெஃபீல்டில் 2003இல் தொடங்கிய ‘அசிஸ்ட்’, பேர்மிங்ஹாமின் ‘ஹோப் ப்ராஜெக்ட்ஸ்’ போன்றவை, கேஸ் தோற்று அரசு உதவி நின்றவர்களுக்கு வீடு கொடுத்தே அனுபவம் பெற்றவை. இவற்றில் பேர்மிங்ஹாம்காரர் செய்வது எனக்கு மிகப் பிடித்தது: தங்க இடத்தோடு சட்ட உதவியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். வீடு என்பது கேஸைத் திரும்பத் திறப்பதற்கான கால அவகாசம் என்று அவர்கள் தெளிவாக வைத்திருக்கிறார்கள். கேஸ் நகர்கிறது, ஆள் நகர்கிறார், படுக்கை அடுத்தவருக்குப் போகிறது.

சேர்ந்து வேலை செய்ததால் சட்டம் மாறியதுண்டா?

உண்டு. 2003 ஜனவரியில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்குள் வந்தவுடனேயே புகலிடம் கேட்காதவருக்கு உதவியே இல்லை என்றது 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. விமான நிலையத்தில் கேட்காமல் அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போனவர்களையும் வெறுங்கையோடு அனுப்பினார்கள். சூடானிலிருந்து வந்த ஒருவர் லண்டன் பிரிக்ஸ்டனில் ‘அகதிகள் கவுன்சில்’ என்ற தொண்டு நிறுவனத்தின் கட்டிடத்துக்கு வெளியே பல வாரம் படுத்திருந்தார்.

அகதிகளோடு வேலை செய்த அமைப்புகள் யார் எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று எழுதி வைத்தன. வீடின்மைக்கு எதிராகப் போராடும் ‘ஷெல்டர்’, இந்த விதியை எதிர்த்த வழக்கில் தலையிட்டுத் தன் அறிவை நீதிமன்றத்தின் முன் வைத்தது. லிம்புவெலா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 2005 நவம்பரில், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: வேலை செய்யவும் விடாமல், உதவியும் தராமல் ஒருவரைத் தெருவில் தள்ளுவது மனிதாபிமானமற்ற நடத்தையாக முடியும், அந்த நிலை வரும்வரை அரசு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்றும் உதவி மறுக்கப்படும்போது சட்டத்தரணிகள் கையில் எடுக்கும் தீர்ப்பு இது.

கிளாஸ்கோவில் வீட்டுப் பூட்டை மாற்றினார்களாமே, அது என்ன கதை?

2000ஆம் ஆண்டிலிருந்து புகலிடம் கேட்டவர்கள் அதிகமாக அனுப்பப்பட்ட நகரங்களில் கிளாஸ்கோவும் ஒன்று. அங்கே வீடுகளை நடத்தும் ஒப்பந்தம் சேர்கோ நிறுவனத்திடம் இருந்தது. கேஸ் தோற்றும் வீட்டைவிட்டுப் போகாத சுமார் 300 பேரின் வீடுகளில் பூட்டை மாற்றப்போவதாக 2018 ஜூலையில் அந்த நிறுவனம் அறிவித்தது. நீதிமன்ற உத்தரவு தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு. கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் சாவி வேலை செய்யாது என்ற பயத்தில் மனிதர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தார்கள்.

நகரமே எழுந்தது. அயலவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கோவன் லோ சென்டர், ஷெல்டர் ஸ்கொட்லாந்து போன்றவற்றின் சட்டத்தரணிகள் ஒவ்வொரு வீட்டுக்காகவும் தனித்தனியாக இடைக்காலத் தடை வாங்கினார்கள். பகலில் அகதி அமைப்புகள் ஆட்களை அடையாளம் கண்டு சட்டத்தரணியிடம் அனுப்பும். தடை கிடைக்காதவருக்கு இரவுத் தங்குமிடக்காரர் இடம் பார்ப்பார்கள். இறுதியில், 2019 நவம்பரில், பூட்டு மாற்றுவது சட்டத்துக்கு முரணல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் தோல்வி. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் வாங்கிய அவகாசத்தில் பலர் புதிய சான்றோடு கேஸைத் திறந்து திரும்ப அரசு உதவிக்குள் போய்விட்டார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து எழுந்தது ‘ஃபெயர் வே ஸ்கொட்லாந்து’ என்ற கூட்டணி. அகதி அமைப்புகளும், சைமன் கம்யூனிட்டி போன்ற, வழக்கமாக உள்ளூர் வீடற்றோரைப் பார்க்கும் அமைப்புகளும் ஒரே மேசைக்கு வந்தன. இது பெரிய மாற்றம். முன்பு வீடற்றோர் அமைப்பு ‘இது குடிவரவுப் பிரச்சினை’ என்று அனுப்பிவிடும், அகதி அமைப்பு ‘இது வீட்டுப் பிரச்சினை’ என்று திருப்பி அனுப்பும். நடுவில் ஆள் நின்றுகொண்டிருப்பார். 2021இல் ஸ்கொட்லாந்து அரசும் உள்ளூராட்சிச் சபைகளும் சேர்ந்து வறுமையின் இந்த எல்லைக்கு முடிவுகட்ட ஒரு திட்டத்தை வெளியிட்டன. குடிவரவுச் சட்டம் லண்டன் கையில் இருப்பதால் அவர்களால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. செய்யக்கூடியதைச் செய்கிறார்கள்.

கொரோனா காலத்தில் எல்லோரையும் உள்ளே எடுத்தார்கள். இப்போது ஏன் முடியாது?

2020 மார்ச் இறுதியில், தெருவில் இருக்கும் எல்லோரையும் உள்ளே எடுக்கும்படி இங்கிலாந்துக் கவுன்சில்களிடம் அரசு சொன்னது. விசா இருக்கிறதா இல்லையா என்பது பின்னுக்குப் போனது. 2021 ஜனவரிக்குள் 37,000க்கு மேற்பட்டோருக்கு உதவி கிடைத்தது. விசா இல்லாதவருக்கும் கவுன்சில் இடம் கொடுக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றம் போனது. பிரைட்டன் வழக்கில், அந்த நோய்க்கால அவசரத்தில் அதற்கு அதிகாரம் உண்டு என்று 2021இல் தீர்ப்பு வந்தது.

அப்போது ஹோட்டல் அறைக்குள் இருந்தவர்களிடம் சட்டத்தரணிகள் ஆறுதலாக உட்கார்ந்து பேச முடிந்தது. பல வருடம் தொலைந்துபோயிருந்த கேஸ்கள் நகர்ந்தன. காசு நின்றதும் கதவும் மூடியது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அந்த ஒரு வருடமே எனக்குப் போதிய சான்று.

கேஸ் தோற்றுவிட்டதென்றால் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதானே?

நம்மவர்களே கேட்கும் கேள்வி இது. அகதி அந்தஸ்து கிடைத்துப் பிரஜாவுரிமையும் எடுத்தவர்கள் கேட்கும்போது கொஞ்சம் வலிக்கிறது.

தோற்ற கேஸ் எல்லாம் பொய்க் கேஸ் அல்ல. உடம்பில் சூட்டுக் காயங்களோடு வந்த ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுபவர். அந்தக் காயங்களை அவரே வேறு யாரையோ கொண்டு போடுவித்திருக்கலாம் என்று சொல்லித் தீர்ப்பாயம் அவரை நம்ப மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தூக்கியெறிந்து, திரும்ப விசாரிக்கச் சொன்னது. தன் விருப்பத்தோடு இப்படிச் சூடு போட்டுக்கொள்வது அபூர்வம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றது. அதுவரை அவரும் ‘தோற்றவர்’தான்.

2013இலும் 2021இலும் இலங்கைத் தமிழர் வழக்குகளுக்கு வழிகாட்டும் தீர்ப்புகளை மேல் தீர்ப்பாயம் வெளியிட்டது. புலம்பெயர் நாட்டில் செய்யும் அரசியல் வேலைகளால் திரும்பினால் ஆபத்து வரக்கூடும் என்பதை அவை ஆராய்ந்தன. முன்பு தோற்ற சிலருக்கு இவை புதிய வழியைத் திறந்தன. சித்திரவதைத் தழும்புகளுக்கு மருத்துவ அறிக்கை எழுதும் ‘ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்’, ‘ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன்’ போன்ற அமைப்புகளின் வேலையும் இங்கேதான் வருகிறது. அந்த அறிக்கைக்குப் பல சந்திப்புகள் வேண்டும், மாதங்கள் போகும். கொரோனாவுக்கு முன்பு புதிய சான்றை லிவர்பூலிலுள்ள ஹோம் ஒபிஸ் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் காசில்லாதவர் தெற்கு லண்டனின் குரொய்டனிலிருந்து லிவர்பூலுக்கு எப்படிப் போவார்? ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனமாகத்தான் இருக்கும்.

திரும்பிப் போக விரும்புகிறவரும் உண்டு. அவருக்கும் பயண ஆவணம் வரும்வரை படுக்க ஒரு இடம் தேவை.

கேஸ் தோற்றவருக்கு அரசிடமிருந்து வேறு ஏதும் கிடைக்குமா?

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ‘செக்சன் 4’ என்ற உதவி உண்டு. நாட்டைவிட்டுப் போக நடவடிக்கை எடுப்பவர், நோயால் பயணம் செய்ய முடியாதவர், நீதித்துறை மீளாய்வுக்கு அனுமதி கிடைத்தவர், புதிய சான்று கொடுத்து முடிவுக்குக் காத்திருப்பவர் போன்றோர் கேட்கலாம். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கடிதம் கிடைத்து மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். மூன்றே நாள். அதனால் கடிதத்தை உடைக்காமல் வைக்காதீர்கள். அந்தத் தீர்ப்பாயத்தில் இலவசமாக வாதாடுவதற்கென்றே ‘அசாப்’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. உள்ளூர் அமைப்பு ஆவணம் திரட்டும், அசாப் வாதாடும். ஒரு படுக்கைக்கு ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், அரசு தரவேண்டியதை அரசிடமே வாங்கிக் கொடுக்கும் இந்த வேலைதான் தொண்டுப் பணத்தின் மிகச் சிறந்த செலவு என்பேன்.

தங்குமிடங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

தேவாலயங்கள் காலியாக இருக்கும் பாதிரியார் வீட்டைக் கொடுக்கின்றன. வீட்டுச் சங்கங்கள் சில வீடுகளைப் பெயருக்கு ஒரு வாடகையில் விடுகின்றன. இன்னொரு வழி கெட்டித்தனமானது: ஒரு வீட்டில் சில அறைகளில் அந்தஸ்து கிடைத்த அகதிகள் வீட்டுக் கொடுப்பனவிலிருந்து வாடகை கட்டுவார்கள், அந்த வருமானம், வாடகை கட்ட முடியாதவரின் அறையைத் தாங்கும். லண்டனில் ‘பிராக்சிஸ்’, ‘காமன்வீல் ஹவுசிங்’ என்ற இரு அமைப்புகள் சேர்ந்து, கவுன்சில் அனுப்பும் குடும்பங்களுக்கான வாடகையைக் கொண்டு, கையில் ஒன்றுமில்லாத தனிப் பெண்களுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. மீதி, மாதம் ஐந்தும் பத்துமாகக் கொடுக்கும் சாதாரண மனிதர்களின் காசு.

தொண்டு நிறுவனத்திடம் போனால் ஹோம் ஒபிசுக்குச் சொல்லிவிடுவார்களா?

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் தெருவில் படுப்போரைச் சந்திக்கும் சில குழுக்கள் குடிவரவு அதிகாரிகளோடு சேர்ந்து சுற்றியதும் தகவல் கொடுத்ததும் 2017இல் வெளிவந்தது. ஐரோப்பிய நாட்டவரைத் தெருவில் படுத்ததற்காகவே வெளியேற்றும் கொள்கை சட்டவிரோதம் என்று அதே ஆண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2020இல் தெருவில் படுப்பதை விசாவை ரத்துச்செய்ய ஒரு காரணமாக விதிகளில் சேர்த்தபோது, பல அமைப்புகளும் கவுன்சில்களும் அதற்கு ஒத்துழைக்க மறுத்தன. அந்தப் பழைய காயத்திலிருந்து கற்றுக்கொண்டதால்தான் இன்று ‘உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தகவல் கொடுப்பதில்லை’ என்று பல அமைப்புகள் முதலிலேயே சொல்கின்றன. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கவுன்சில் சமூக சேவை வேறு. அவர்கள் உதவி கேட்பவரின் குடிவரவு நிலையை ஹோம் ஒபிசிடம் சரிபார்ப்பது வழக்கம். அங்கே போகுமுன் ஒரு ஆலோசகரோடு பேசிவிட்டுப் போங்கள்.

கலியாண விசாவில் வந்தேன். கணவர் அடித்து வெளியே விட்டுவிட்டார். எனக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் இது: விசா அவர் தந்ததுதானே என்று அடியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. துணைவர் விசாவில் இருந்தவருக்கு, வன்முறையால் உறவு முறிந்தால், மூன்று மாதத்துக்குப் பொதுநிதியில் உரிமையோடு இருக்க ஒரு சலுகை உண்டு. அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதை அரசு தானாகத் தரவில்லை. 1979 முதல் இயங்கும் ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்கில் கூட்டாகப் போராடி, 2009இல் பரீட்சார்த்தமாகவும் 2012இல் நிலையாகவும் வாங்கியது. மாணவர் விசாவிலோ வேறு விசாவிலோ இருந்தாலும் அவர்களிடம் பேசுங்கள். விண்ணப்பிக்குமுன் சட்டத்தரணியைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சலுகை உங்கள் பழைய விசாவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999ஐ அழையுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. ஒருவரை வைத்திருக்கலாமா?

தாராளமாக. 2002 முதல் கிளாஸ்கோவிலிருந்து நடக்கும் ‘ரூம் ஃபோர் ரெஃபியூஜீஸ்’, 2015இல் தொடங்கிய ‘ரெஃபியூஜீஸ் அட் ஹோம்’, இவை தவிர நாகொம் உறுப்பினர்கள் பலரும் வீட்டாரையும் விருந்தினரையும் சேர்த்து வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். எத்தனை வாரம் என்பதை முதலிலேயே பேசுவார்கள். சிக்கல் வந்தால் கூப்பிட ஒருவர் இருப்பார்.

குடியிருப்பவரின் விசாவைப் பார்க்கச் சொல்லும் இங்கிலாந்தின் ‘ரைட் டு ரென்ட்’ சட்டம் வாடகை வாங்குபவருக்குத்தான். காசு வாங்காமல் விருந்தினராக வைத்திருப்பது அதற்குள் வராது. நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரிடமும், கொடுப்பனவோ தனியாள் கவுன்சில் வரிக் கழிவோ எடுத்தால் கவுன்சிலிடமும் முன்கூட்டியே கேளுங்கள். சொந்தக்காரர் பையனை ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் இந்த அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம். பையனுக்குச் சட்டத்தரணியைத் தேடித் தந்தாலே உங்கள் பாரத்தில் பாதி குறையும்.

தமிழ்க் கோயில்களும் சங்கங்களும் என்ன செய்யலாம்?

அன்னதானம் நிறையவே நடக்கிறது. சாப்பிட வருபவரிடம் ‘இரவு எங்கே படுக்கிறீர்கள்?’ என்று மெதுவாகக் கேட்க ஒருவர் நின்றால் நல்லது. கேட்டபின் எங்கே அனுப்புவது என்பதற்கு உள்ளூர் நாகொம் உறுப்பினரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். கிழக்கு லண்டனின் நியூஹாமில் தமிழர் நலன்புரிச் சங்கம் 1980களிலிருந்து இந்த மாதிரி வேலை செய்து வருகிறது. எல்லா ஊரிலும் அப்படியொன்று இல்லை.

மொழி தெரிந்தவர்கள் பெரிய உதவி. வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு அமைப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கடினம். மாதம் இரண்டு மணி நேரம் தொலைபேசியில் கொடுத்தாலும் போதும். ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டும்: ‘கேஸ் எழுதித் தருகிறேன்’ என்று காசு வாங்கும், பதிவில்லாத அண்ணைமாரிடம் ஆட்களை அனுப்புவது. எல்லோருக்கும் ஒரே கதையை எழுதிக் கொடுத்து உண்மையான கேஸ்களையும் கெடுத்துவிடுகிறார்கள். பதிவு இருக்கிறதா என்று இணையத்தில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இதற்கு உண்மையில் முடிவுகட்ட முடியுமா?

தொண்டு நிறுவனங்களால் மட்டும் முடியாது, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். படுக்கை கொடுத்துக்கொண்டே அரசிடம் அவர்கள் கேட்பவை இவை: எல்லோருக்கும் 56 நாள், ஆறு மாதத்துக்குப் பிறகு வேலை செய்ய உரிமை, சட்ட உதவிக்குப் போதிய பணம், கேஸ் முற்றாக முடியும்வரை உதவி. 2013இல் பெரும்பாலான குடிவரவுக் கேஸ்களிலிருந்து அரசின் சட்ட உதவியை எடுத்தார்கள்; புகலிடக் கேஸ் தப்பியது, ஆனால் அதைச் செய்யும் சட்டத்தரணிகள் பல ஊர்களில் இல்லாமல் போனார்கள். இதைத் திருத்தாமல் எத்தனை படுக்கை போட்டாலும் வரிசை நீண்டுகொண்டே போகும். உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். வாக்குரிமை உள்ள தமிழர் கணிசமாக வாழும் தொகுதிகள் லண்டனில் உண்டு.

எனக்கு இன்றிரவு தங்க இடமில்லை. என்ன செய்வது?

பகலாக இருந்தால் அருகிலுள்ள அகதிகள் உதவி நிலையத்துக்கு நேரில் போங்கள். எது என்று தெரியாவிட்டால் நாகொம் இணையத்தளத்தில் ஊர்வாரியாக உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. உங்கள் புகலிடக் கேஸ் இன்னும் நடந்தால் ‘மைக்ரன்ட் ஹெல்ப்’ என்ற தொண்டு நிறுவனத்தின் இலவசத் தொலைபேசிக்கு எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கையில் ஒன்றுமில்லை, இன்றிரவு இடமில்லை என்று சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் அவசர இடம் கேட்கலாம். அந்தஸ்து கிடைத்தவர் கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். பிள்ளைகளோடு இருப்பவர் கவுன்சிலின் சிறுவர் சேவைக்குப் போக வேண்டும்; 18 வயதுக்குக் குறைந்தவர் தனியாக வந்திருந்தாலும் அங்கேதான்.

தெருவில் படுக்க நேர்ந்தால், தெருவில் படுப்போரை உதவிக் குழுக்களுக்குத் தெரிவிக்கும் ‘ஸ்ட்ரீட்லிங்க்’ இணையத்தளத்தில் இடத்தைப் பதியுங்கள், அல்லது உங்களுக்காக யாரையாவது பதியச் சொல்லுங்கள். வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் இரவுகளில் கவுன்சில்கள் திறக்கும் அவசரப் படுக்கைக்கு விசா கேட்பதில்லை.

எங்கே போனாலும் ஹோம் ஒபிஸ் கடிதங்கள், ஏ.ஆர்.சி. கார்ட் (புகலிடம் கேட்டவரின் அடையாள அட்டை), பழைய சட்டத்தரணியின் பெயர், மருந்துச் சீட்டு இவற்றைக் கொண்டு போங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஹோம் ஒபிஸ் நிலையத்துக்குப் போய்ச் சைன் பண்ணும் நாளைத் தவறவிடாதீர்கள். முகவரி மாறினால் சட்டத்தரணிக்கும் ஹோம் ஒபிசுக்கும் அன்றே அறிவியுங்கள்.